நல்ல கண்ணைக் கட்டிய வருடம்

நம் வயதுக்காரர்களிடம் ஒன்று கேட்கிறேன். 1955 ஜூன் 20, திங்கட்கிழமை காலை நீங்கள் எங்கே இருந்தீர்கள்? நினைவில்லை என்றால் நானே சொல்லிவிடுகிறேன்: வீட்டுக்குள், சாத்திய கதவுக்குப் பின்னால், பசியோடு. மன்மத வருடம், ஆனி அமாவாசை, சூரிய கிரகணம். இலங்கையில் முழுக் கிரகணம், நம் பக்கம் பெரும்பகுதி மறையும் என்று பள்ளிக்கூட வாத்தியார் முதல் நாளே சொல்லியிருந்தார். கண்ணாடித் துண்டில் விளக்குப் புகை பிடித்து அதன் வழியாகப் பார்க்கலாம் என்றும் சொன்னார். அந்தக் கடைசி வாக்கியத்தை அவர் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் அப்போது ஒன்பது வயதுச் சிறுமி. நைனா, அதாவது அப்பா, புத்தூர் ரயில் நிலையத்தில் வண்டிகளைத் தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன். தண்டவாளத்தை ஒட்டிய குவார்ட்டர்ஸில் இருந்தோம். வீட்டில் நைனா, அம்மா, நான், நைனாவின் அக்காவான அத்தை. அத்தை திருத்தணிக்குப் பக்கத்து ஊரில் வாழ்க்கைப்பட்டு, கணவர் போன பிறகு எங்களோடு வந்துவிட்டவள். அம்மா ஐந்து மாதக் கர்ப்பிணி.

இந்தக் குறிப்பில் வரும் காலக்கணக்குக்கு ஆதாரம் நைனாவின் டூட்டி நோட்டு. விடுப்பு எடுத்த நாள்களுக்கு எதிரே அவர் காரணம் எழுதி வைப்பார். 1956இன் பக்கங்களில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வருகிறது: "பாப்பா கண்".

கிரகணத்தன்று அத்தை பித்தளைத் தாம்பாளத்தில் தண்ணீர் ஊற்றி, நடுவில் உலக்கையை நிறுத்தினாள். கிரகணம் பிடித்திருக்கும் வரை அது பிடியில்லாமல் நிற்கும் என்பது நம்பிக்கை. நின்றது. வீடே உலக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது நான் பின்கதவைத் திறந்து துணி துவைக்கும் கல்லுக்கு ஓடினேன். கையில் உடைந்த சிம்னித் துண்டு, புகை பிடித்தது. அதன் வழியாகப் பார்த்தேன். சூரியனை யாரோ ஓரமாகக் கடித்து வைத்திருந்தார்கள். செம்பழுப்பாக, சின்னதாக, கடித்த இடம் அத்தனை ஒழுங்காக இருந்தது.

பின்னாலிருந்து ஒரு கை வந்து என் இரண்டு கண்களையும் மூடியது. ஈரக் கை.

"மூச்சு விட்டே, கொன்னுடுவேன்," என்றாள் அம்மா, காதுக்குள்.

கண்ணாடியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு என்னை உள்ளே தள்ளினாள். உலக்கை இன்னும் நின்றுகொண்டிருந்தது. அத்தை திரும்பவில்லை.

இதுதான் நடந்தது. அரை நிமிடம் இருக்கும்.

ஐப்பசியில் தங்கச்சி பிறந்தாள். பிறந்தபோது குறை எதுவும் இல்லை. மூன்றாவது வாரம் வலது கண்ணின் மேல் இமையில் எறும்பு கடித்தாற்போல ஒரு சிவப்பு. கார்த்திகை முடிவதற்குள் அது மேடாகி, கோவைப்பழ நிறத்தில் பளபளத்தது. மார்கழியில் இமை கனத்துக் கீழே இறங்கியது. பொங்கலுக்கு அந்தக் கண் தெரியவில்லை. கட்டி மேலேயும் ஏறி, புருவத்தைத் தாண்டி, நெற்றியோரத்தில் முடி தொடங்கும் இடத்தைத் தொட்டிருந்தது. தொட்டால் மெத்தென்று வெதுவெதுப்பாக இருக்கும். விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் மறுபடி சிவக்கும். தங்கச்சி அழுதால் அது கறுத்து வீங்கும். அவள் அழும்போதெல்லாம் அது வெடித்துவிடும் என்று நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

அத்தைக்குச் சந்தேகமே இல்லை. கிரகணத்தின்போது கர்ப்பிணி தன் உடம்பில் எங்கே கை வைக்கிறாளோ, பிள்ளைக்கு அங்கே குறி விழும்.

"கிரணத்துல நீ எங்கடி கை வெச்சே?"

"எங்கியும் வெக்கல."

"வெக்காமதான் கொழந்தைக்குக் கண்ணு மேல அடுப்புத் தணலு உக்காந்துக்கினு கீதா? நெனச்சுப் பாத்துச் சொல்லு."

"உள்ள தானே அண்ணி இருந்தேன். நீங்களும்தான் இருந்தீங்க."

தினமும் இந்த விசாரணை நடந்தது. சோறு வடிக்கும்போதும், பாத்திரம் தேய்க்கும்போதும், பால் கொடுக்கும்போதும். "கண்ணத் தேச்சியா? தூக்கத்துல தேச்சியா?" அம்மா தலை நிமிராமல் இல்லை இல்லை என்று சொல்லிக்கொண்டிருப்பாள். நான் வாசலில் உட்கார்ந்து வாய்ப்பாட்டைச் சத்தமாகப் படிப்பேன். அம்மாவின் கை தொட்டது கண்ணைத்தான், அது என் கண் என்பது எனக்குத் தெரியும். குறி விழுந்ததும் கண்ணில். ஒன்பது வயதுக்கு அந்தக் கணக்கில் பிழையே இருக்க முடியாது. அம்மா அத்தைக்குப் பயந்து மறைக்கிறாள் என்றுதான் அப்போது நினைத்தேன்.

புத்தூர்க் கட்டு பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. எலும்பு முறிந்தவர்கள் எங்கெங்கிருந்தோ எங்கள் ஸ்டேஷனில் வந்து இறங்குவார்கள், கதவுப் பலகையில் படுக்க வைத்துக்கூடத் தூக்கி வருவார்கள். பச்சிலைச் சாறு, முட்டை வெள்ளைக்கரு, மூங்கில் பட்டை, துணி. அப்படிப்பட்ட ஊரில் வளரும் நம்பிக்கை ஒன்று உண்டு: எதுவானாலும் இறுக்கிக் கட்டினால் அடங்கும். அத்தை தங்கச்சியைக் கட்டுக்காரரிடம் தூக்கிப்போனாள். நானும் போனேன். அந்தப் பெரியவர் குழந்தையை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

"இது எலும்பு இல்லம்மா. கண்ணுல நான் கை வெக்கமாட்டேன். சித்தூருக்கு இட்டுக்கினு போங்க, கண்ணு டாக்டருகிட்ட."

"எலும்புக்கு ஊரு ஒலகமே இங்க வருது. நாங்க கண்ணுக்கு சித்தூரு போவணுமா?"

"போயித்தான் ஆவணும்," என்று அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

அத்தை வீட்டுக்கு வந்து தானே கட்டினாள். கொல்லையில் பறித்த ஏதோ இலையை அரைத்து, வெள்ளைக்கருவில் குழைத்துக் கட்டிமேல் பூசி, பழைய வேட்டிக் கிழிசலால் தலையைச் சுற்றி முடிச்சுப் போட்டாள். அத்தையின் முடிச்சு அவிழாது. தண்ணீர்க் குடத்தானாலும் விறகுக் கட்டானாலும் அவள் போட்ட முடிச்சை அவள்தான் அவிழ்க்க முடியும். தங்கச்சியின் வலது கண் ஒரு மாதத்துக்கு மேல் அந்தக் கட்டுக்குள் இருட்டில் இருந்தது.

நைனா இரண்டு பேர் சொல்வதையும் கேட்டார். "அக்கா சொல்றதும் சரிதான்," என்றார். அம்மா அழுததும், "நீ சொல்றதும் சரிதான், சித்தூரு போலாம்," என்றார். ரயிலை எந்தத் தண்டவாளத்தில் திருப்புவது என்று நொடியில் முடிவு செய்கிறவர் வீட்டில் ஒரு முடிவும் எடுத்து நான் பார்த்ததில்லை.

முதல் முறை சித்தூர் போய்ச் சேரவில்லை. ஆந்திர ராஜ்யம் பிறந்து இரண்டரை வருடம் ஆகியும் எங்கள் தாலுகாக்கள் ஆந்திராவுக்கா சென்னைக்கா என்ற தகராறு தீராத காலம். கார்வேட்டிநகரம் தாண்டியதும் சாலையில் கல் அடுக்கியிருந்தார்கள். பஸ்ஸைச் சுற்றிப் பையன்கள். ஒருவன் எங்கள் ஜன்னலில் தலையை நீட்டி, "மீரு தமிழமா, தெலுகா?" என்று கேட்டான். நைனா பாதி வாக்கியம் தெலுங்கிலும் பாதி தமிழிலும் பதில் சொன்னார். அவன் சிரிக்கவில்லை. அம்மா மடியிலிருந்த குழந்தையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைப் பார்த்ததும் அவன் முகம் மாறியது. ஆனாலும் பஸ்ஸை விடவில்லை, திருப்பித்தான் அனுப்பினார்கள். அடுத்து நைனாவுக்கு விடுப்புக் கிடைக்கப் பதினைந்து நாள் ஆயிற்று.

சித்தூர் ஆஸ்பத்திரியில் கண் டாக்டர் ஒரு அம்மாள். தெலுங்குக்காரர், நிதானமாகத் தமிழ் பேசுவார். கட்டை அவிழ்க்க முடியாமல் கத்திரியால் வெட்டினார். உலர்ந்த இலையைப் பஞ்சால் நனைத்து நனைத்து எடுத்தார். பிறகு இமையை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார். உள்ளே கறுப்பு முழி நன்றாக இருந்தது. இரண்டு மாதமாக நான் பார்க்காத முழி.

"கட்டு யாரு போட்டது?"

நைனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சரி, கேளுங்க. இது சின்னச் சின்ன ரத்தக் குழாய்ங்க ஒண்ணாச் சேந்து வளர்ற கட்டி. கேன்சர் இல்ல. சீழும் இல்ல. ஒரு வயசு வரைக்கும் வளரும், அப்புறம் தானா வத்தும். அஞ்சு வயசு, ஏழு வயசுல இடம் தெரியாமப் போயிடும். குத்தாதீங்க, சுடாதீங்க, கத்தி படவே கூடாது. பட்டா ரத்தம் லேசுல நிக்காது."

"அப்ப ஒண்ணும் பண்ண வேணாமா டாக்டரம்மா?" என்றார் நைனா, மகிழ்ச்சியோடு.

"கட்டிக்குத்தான் வேணாம். கண்ணுக்கு வேணும். கொழந்தை இப்பத்தான் பாக்கக் கத்துக்குது. இந்தக் கண்ணு மூடியே இருந்தா அது பாக்கக் கத்துக்காது. அப்புறம் கட்டி போனாலும் பார்வை வராது, எந்த டாக்டராலயும் கொண்டு வர முடியாது. அதனால இந்த இமைய பிளாஸ்திரி போட்டுத் தூக்கி ஒட்டுங்க. நல்ல கண்ணத் துணியால கட்டுங்க. தெனம் ரெண்டு மணி நேரம்."

"நல்ல கண்ணயா?"

"ஆமா. நல்ல கண்ணத்தான்."

அம்மா மட்டும் ஒரு கேள்வி கேட்டாள், மிக மெதுவாக. "கிரகணத்தாலயா டாக்டரம்மா?"

டாக்டர் எழுதிக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நான் மொட்டை மாடியில நின்னு பாத்தேன். அப்ப எனக்கும் ஆறு மாசம். என் பையன் நல்லாத்தான் இருக்கான்."

அம்மா அதை நம்பினாளா என்று தெரியாது. திரும்பி வரும் வழியெல்லாம் அவள் தங்கச்சியின் இமையை விரலால் தூக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

அத்தை சிரித்தாள். "ஒரு கண்ணு போச்சின்னு இன்னொண்ணயும் கட்டச் சொன்னாளா? படிச்சவளா அவ?" கட்டைப் பிரித்தது பிரித்ததாகவே இருக்கட்டும் என்று நைனா எப்படியோ சொல்லிவிட்டார். அதற்கு மேல் அவரால் முடியவில்லை. எனவே அம்மாவும் நானும் திருட்டுத்தனமாகச் செய்தோம். காலையில் அத்தை குளத்துக்குப் போனதும் அம்மா இமையைத் தூக்கி ஒட்டுவாள், இடது கண்ணைக் கட்டுவாள். நான் வாசலில் காவல். பழுப்பு நிறப் புடவை லெவல் கிராசிங்கில் தெரிந்தால் நான் இருமுவேன். உடனே எல்லாம் அவிழும். இரண்டு மணி நேரம் என்பது எங்களுக்கு முக்கால் மணி ஆயிற்று. அதிலும் பாதி நேரம் தங்கச்சி கட்டைப் பிய்த்து எறிவாள். கட்டினதும் வீறிட்டு அழுவாள். அழுதால் கட்டி கறுக்கும். அழுகை அக்கம்பக்கத்தில் கேட்கும். அவசரத்தில் அம்மாவின் முடிச்சு நழுவும்.

பங்குனியில் ஒரு காலை அவள் அழவில்லை. கட்டு இடது கண்ணில் இருக்க, அம்மா பித்தளைச் செம்பைத் தூக்கி வெயிலில் ஆட்டினாள். பிளாஸ்திரிக்குக் கீழே கிடைத்த சின்ன இடுக்கின் வழியாக அந்த முழி செம்போடு நகர்ந்தது. வலப்பக்கம், இடப்பக்கம், மறுபடி வலப்பக்கம். அம்மா என்னைக் கூப்பிட்டாள். நான் காவலை விட்டுவிட்டு ஓடினேன். இருவரும் சத்தமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தபோது கதவடியில் அத்தை ஈரப் புடவையோடு நின்றாள்.

"நல்லாக் கீற கண்ணயும் அவிச்சிடப் பாக்கறியாடி, பாவி?"

கட்டை உருவி எறிந்தாள். பிளாஸ்திரியையும் இழுத்தாள். ஒரு சொட்டு ரத்தம் வந்தது. ஒரே சொட்டுதான், ஆனால் அது நிற்க எவ்வளவு நேரம் ஆயிற்று என்று எனக்குத் தெரியும். அம்மா துணியை வைத்து அழுத்திக்கொண்டிருந்தாள், நான் ஐந்தாம் வாய்ப்பாட்டை ஒன்றிலிருந்து பதினாறு வரை நான்கு முறை மனதுக்குள் சொன்னேன்.

அன்றே அத்தை மஞ்சள் துணி முடிந்தாள். குழந்தைக்கு ஏழாம் மாதம் திருப்பதியில் முடி இறக்குவது. "பெத்தவ செஞ்ச தப்பு பெருமாளு கிட்டதான் தீரும்." நைனா சரி என்றார். கத்தி படக்கூடாது என்று டாக்டர் சொன்னதை அம்மா நினைவுபடுத்தினாள். நைனா அதற்கும் சரி என்றார். பிறகு டிரெயின் பாஸ் எழுதி வாங்கி வந்தார்.

வைகாசியில் போனோம். ரேணிகுண்டாவில் வண்டி மாறி, திருப்பதியில் இறங்கி, மலை பஸ். வளைவுக்கு வளைவு யாரோ வாந்தி எடுத்தார்கள். அம்மாவின் பைக்குள் வெள்ளைத் துணிக் கிழிசலும் பஞ்சும் நிறைய இருந்தன. ரத்தத்துக்காக எடுத்து வைத்திருக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது.

முடி இறக்கும் கூடத்தில் தண்ணீரும் மயிரும் காலில் ஒட்டின. வரிசையாகக் கத்திகள் தோலில் உரசும் சத்தம். எங்களுக்கு வாய்த்தவர் வயதானவர். அத்தை குழந்தையை மடியில் போட்டு உட்கார்ந்தாள். அவர் தண்ணீரைத் தெளித்துத் தலையைத் தேய்த்தார். தங்கச்சி வீறிட்டாள். கட்டி எழும்பி, சிவப்பு போய், நாவல்பழமாகி, நெற்றியோரத்தில் துடித்தது. அவர் கையை நிறுத்தினார்.

"ஈ கட்டி மீத கத்தி தகிலிதே?" கத்தி பட்டால் என்ன செய்வது என்று கேட்கிறார்.

"சாமி பாத்துக்கும். நீ எடு," என்றாள் அத்தை.

"பாப்ப கதுலுத்தோந்தி அம்மா." குழந்தை ஆடுகிறது.

"டேய் தம்பி, வந்து தலையப் புடி." நைனா குனிந்து தங்கச்சியின் தலையை இரண்டு கையாலும் பிடித்தார். அம்மா பைக்குள்ளிருந்து பஞ்சை எடுத்தாள். கத்தி பின்னந்தலையில் தொடங்கியது. ஒரு கோடு. இரண்டாவது கோடு காதுக்கு மேலே வந்தது.

"அத்தே," என்றேன். "அம்மா வெளியே வந்தது என்னாலதான். கிரகணத்தன்னிக்கு நான் கண்ணாடி வெச்சுப் பாத்துக்கினு இருந்தேன். அம்மா வந்து என் கண்ண மூடிச்சு. அம்மா கை வெச்சது என் கண்ணு மேல."

கத்தி நின்றது. தெலுங்குக்காரருக்கு எவ்வளவு புரிந்ததோ, நிறுத்திவிட்டார்.

அம்மா என்னை அறைந்தாள். அதுவரை அவள் என்னை அடித்ததில்லை. "வாய மூடிக்கினு இருக்கறதுக்கு இன்னாடி உனக்கு? உம் பேரு வந்துடக் கூடாதுன்னுதானே ஏழு மாசமா நான் வாங்கிக் கட்டிக்கினேன்! நாளைக்கு எல்லாரும் உன்ன இன்னா சொல்லுவாங்க, தங்கச்சி கண்ணத் துன்னவன்னு சொல்லுவாங்களே!"

அப்போதுதான் எனக்குப் புரிந்தது, அவள் பயந்தது அத்தைக்கு இல்லை, எனக்காக என்று.

அத்தை என்னைப் பார்த்தாள். அவளுக்கு இரக்கம் வந்தது என்று எழுத எனக்கு ஆசை. உண்மையில் அவள் கணக்குப் போட்டாள். தப்பு யாருடையது, முடி யாருடையது. அவள் நியாயத்தில் அது நேராக வந்து நின்றது.

"அப்ப சாமிக்குத் தரவேண்டியது இவ தலைதான். கொழந்தைய இறக்கு. நீ வந்து உக்காருடி."

எனக்கு இடுப்பு வரை முடி. பள்ளிக்கூடத்தில் அதற்காகவே என்னை முதல் வரிசையில் உட்கார வைத்திருந்தார்கள் என்று நான் நம்பிய முடி. ஜடையோடு ஒரு பச்சை ரிப்பனும் தரையில் விழுந்தது. அழக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தங்கச்சியைப் பார்த்தேன். தலையின் பின்புறம் இரண்டு வெள்ளைக் கோடுகளோடு அவள் அம்மாவின் தோளில் விக்கிக்கொண்டிருந்தாள். கட்டி மெல்லச் சிவப்புக்குத் திரும்பியது. பஞ்சு அம்மாவின் கையிலேயே இருந்தது.

மழித்த தலைக்கு அத்தைதான் சந்தனம் பூசினாள். பூசும்போது, "மண்டை நல்ல உருண்டை," என்றாள். அவள் என்னைப் புகழ்ந்தது அந்த ஒரு முறைதான்.

திரும்பும் ரயிலில் அம்மா யாரிடமும் கேட்கவில்லை. பையிலிருந்த துணியை எடுத்து, எல்லார் எதிரிலும் தங்கச்சியின் இடது கண்ணைக் கட்டினாள். தங்கச்சி பிய்த்தாள். மறுபடி கட்டினாள், மறுபடி பிய்த்தாள். மூன்றாவது முறை முடிச்சு நழுவிக் கழுத்தில் தொங்கியது. எதிர் சீட்டில் அத்தை ஜன்னலைப் பார்ப்பதும் எங்களைப் பார்ப்பதுமாக இருந்தாள். தடுக்கு ஸ்டேஷன் தாண்டியிருக்கும்.

"கட்டத் தெரியாதவ கட்டினா இப்படித்தான்," என்றாள். "இங்க குடு."

குழந்தையை வாங்கி மடியில் போட்டு, துணியை நான்காக மடித்து, காதுக்குக் கீழே கொண்டுபோய், உச்சியில் ஒரு குறுக்குப் பட்டி வைத்து முடிந்தாள். தங்கச்சி இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை.

"டாக்டரம்மா எவ்ளோ நேரம் சொன்னா?"

"ரெண்டு மணி நேரம் அண்ணி."

அன்றிலிருந்து அது அத்தையின் வேலை. ஸ்டேஷனில் மெயில் வண்டி போனால் கட்டுவாள், இரண்டு மணி நேரம் கழித்துப் பாசஞ்சர் வந்தால் அவிழ்ப்பாள். ஏன் மனம் மாறினாள் என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. தப்பின் கணக்குத் தீர்ந்த பிறகு அவளுக்குக் கட்டி வெறும் கட்டியாகிவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். பிற்காலத்தில் நூலகங்களில் அந்தக் கட்டியின் மருத்துவப் பெயரான ஹீமாஞ்சியோமா என்ற தலைப்பைத் தேடித் தேடி எத்தனையோ படித்தேன். அந்த டாக்டர் சொன்னதற்கு மேல் எனக்குத் தேவையான எதுவும் அவற்றில் இல்லை.

1960 ஏப்ரல் 1, வெள்ளிக்கிழமை, திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போனது. எங்கள் புத்தூர் ஆந்திராவிலேயே நின்றது. அத்தையின் ஊர் எல்லைக்கு அந்தப் பக்கம் ஆயிற்று. அதே மாதம் அவளும் சேர்ந்து சித்தூருக்குப் போனோம். தங்கச்சிக்கு நாலரை வயது. கட்டி வற்றி, இமையில் வாடிய வெற்றிலை போல ஒரு சுருக்கம் மட்டும் இருந்தது. கண் திறந்திருந்தது. அது பார்க்கிறதா என்பதுதான் கேள்வி. இரண்டு கண்ணும் திறந்திருக்கிற பிள்ளையிடம் அதைக் கண்டுபிடிக்க முடியவில்லை.

டாக்டர் என்னைக் கூப்பிட்டு எதிர்ச் சுவரோரம் நிற்கச் சொன்னார். யாரும் பேசக் கூடாது என்றார். தங்கச்சியை ஸ்டூலில் உட்கார வைத்து, இடது கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடினார்.

"எதிர்ல யாரு?"

தங்கச்சி ஸ்டூலில் காலை ஆட்டினாள். மின்விசிறி சுற்றும் சத்தம். நைனா தொப்பியைக் கையில் திருகிக்கொண்டிருந்தார். அம்மாவின் உதடு அசைந்தது. டாக்டர் விரலை உதட்டில் வைத்து அவளை அடக்கினார்.

"அக்கா," என்றாள் தங்கச்சி.

அது ஊகமாகவும் இருக்கலாம். டாக்டருக்கும் அது தெரியும். "அக்கா தலையில என்ன?"

திருப்பதியில் இறக்கிய முடி நான்கு வருடத்தில் தோளுக்குக் கீழே வளர்ந்திருந்தது. ஜடையை முன்னால் போட்டிருந்தேன். தங்கச்சி கழுத்தை நீட்டினாள். கண்ணைச் சுருக்கினாள். நான் மூச்சு விடவில்லை.

"ரிப்பன். பச்ச ரிப்பன்."

டாக்டர் கையை எடுத்தார். "இடது கண்ணு அளவுக்கு வராது. ஆனா இது பாக்குற கண்ணு," என்றார். "இனிமே கட்ட வேணாம்."

அம்மா தங்கச்சியை ஸ்டூலிலிருந்து தூக்கிக்கொண்டாள். அத்தை இடுப்பிலிருந்து நாலாக மடித்த அந்தத் துணியை எடுத்தாள். நான்கு வருடம் துவைத்துத் துவைத்து நூல் தெரிந்த துணி. அதைப் பிரித்துப் பார்த்தாள், மறுபடி மடித்தாள்.

"கட்ட வேணாமா?" என்றாள் டாக்டரிடம், குறைப்பட்டுக்கொள்கிற குரலில். "அப்ப மெயிலு போனா நான் இன்னா பண்றது?"